டைம்ஸ் ஸ்கொயர்: விளக்குக்கு முதலில், நடப்பவருக்கு அப்புறம்

நம் ஊரில் பெரிய விளம்பரப் பலகை வைக்க அனுமதி வாங்க வேண்டும் (வாங்குகிறார்களா என்பது வேறு கதை :-)). நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் இது தலைகீழ். அங்கே புதுக் கட்டடம் கட்டினால் ஒளிரும் விளம்பரப் பலகை வைத்தே ஆகவேண்டும், அதுவும் குறைந்தது இவ்வளவு வெளிச்சம் என்று விதியே இருக்கிறது! சினிமாவில் பார்க்கும்போதெல்லாம், கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு மாட்டியவை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மன்ஹாட்டன் தெருக்கள் சதுரங்கக் கட்டம் மாதிரி நேராக இருக்கும். பிராட்வே மட்டும் சாய்வாக ஓடும். அது ஏழாவது அவென்யூவைக் கடக்கும் இடம்தான் டைம்ஸ் ஸ்கொயர். பெயரில்தான் சதுரம், உண்மையில் முனையோடு முனை ஒட்டிய இரண்டு முக்கோணங்கள். 1904-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அங்கே கட்டடம் எழுப்பியபோது இந்தப் பெயர் வந்தது. 1928 நவம்பரில், அதிபர் தேர்தல் நாளன்று, அந்தக் கட்டடத்தைச் சுற்றி எழுத்துகள் ஓடும் செய்திப் பலகை எரிய ஆரம்பித்தது. மொத்தம் 14,800 பல்புகள்.

1970-களில் அந்த வட்டாரம் சீரழிந்து கிடந்தது. அதைச் சுத்தப்படுத்துகிறேன் என்று அரசு இறங்கியது. பிலிப் ஜான்சன், ஜான் பர்கீ என்ற கட்டடக் கலைஞர்கள் நான்கு பெரிய அலுவலகக் கோபுரங்களுக்கு வரைபடம் தந்தார்கள். அவை வந்தால் மாலையில் ஆபீஸ் மூடியதும் தெருவே இருண்டுவிடும் என்று பலர் பயந்தார்கள். பேசினால் யாருக்கும் புரியாது, காட்டினால்தான் புரியும் என்று நினைத்தார்களோ என்னவோ, 1984-ல் முனிசிபல் ஆர்ட் சொசைட்டி என்ற அமைப்பு ஒரு இரவு அரைமணி நேரம் அங்கிருந்த விளக்குப் பலகைகளை அணைக்க வைத்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே அருமையான காட்சி இதுதான்.

1987-ல் விதி வந்தது. வெளிச்சத்தை அளக்க ஒரு தனி அலகையே உருவாக்கினார்கள். அதன் பெயர் ‘லைட் யூனிட் டைம்ஸ் ஸ்கொயர்’, சுருக்கமாக லட்ஸ். நம் கண்ணுக்குக் கட்டுப்பாடே இல்லாததாகத் தெரியும் அந்த ஜொலிப்பு, மீட்டர் வைத்து அளந்து, கோப்பில் எழுதி வைத்தது! பிற்பாடு அங்கே குடிவந்த மார்கன் ஸ்டான்லி மாதிரி நிதி நிறுவனங்கள்கூட, சோப்பு விளம்பரத்துக்குப் பதில் பங்கு விலைகளை ஓடவிட்டன.

சுவருக்கு இவ்வளவு யோசித்தவர்கள், அண்ணாந்து பார்ப்பவன் எங்கே நிற்பான் என்று யோசிக்கவில்லை. நடைபாதையில் இடமில்லாமல் ஜனங்கள் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடந்தார்கள். அதற்கு விடிவு வர 22 வருடம் ஆனது. 2009 மே மாதம், போக்குவரத்து ஆணையர் ஜேனட் சாதிக்-கான் யோசனைப்படி, 42-வது தெருவிலிருந்து 47-வது தெரு வரை பிராட்வேயில் வண்டிகளை நிறுத்தினார்கள். திட்டமிட்ட மேஜை நாற்காலிகள் வந்து சேராததால் மலிவான கடற்கரை நாற்காலிகளை வாங்கிப் போட்டார்கள். அசிங்கமாக இருக்கிறது என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை! பாதசாரிகள் காயமடைவது 35% குறைந்ததாக மாநகராட்சி கணக்குக் காட்டியது. சோதனைக்குச் செய்தது 2010-ல் நிரந்தரமானது.

இதன்பின்னும் சண்டை ஓயவில்லை. 2015-ல் ஒரு கூத்து. 1965-ம் வருடத்து நெடுஞ்சாலை அழகுச் சட்டம் பெரிய விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்துவது. 2012-ல் இந்தத் தெருக்கள் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலுக்குள் வந்துவிட்டதால் அதே சட்டம் இங்கேயும் பாயுமோ என்று பரபரப்பு. ஒரு சட்டம் வை என்கிறது, இன்னொன்று எடு என்கிறது. கடைசியில் பலகைகள் தப்பின. அதே வருடம், வேஷம் கட்டிக் காசு கேட்பவர்கள் தொல்லை தாங்கவில்லை, நடைவெளியையே எடுத்துவிடலாமா என்றும் பேச்சு வந்தது. எடுக்கவில்லை. 2016-ல் அவர்களுக்குத் தரையில் பெயின்ட் அடித்துத் தனி இடம் ஒதுக்கினார்கள்.

2017 மே 18 அன்று ஒரு கார் நடைபாதையில் ஏறி, நடந்துபோனவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு இளம்பெண் இறந்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். 45-வது தெருவில் அந்தக் காரை நிறுத்தியது, நடப்பவர்களைக் காக்கத் தரையில் நட்டிருந்த இரும்புத் தூண்கள்.