மதுரைக்காலின் கருமையும் குலை நோயின் நொதிகளும்

1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், உள்ளூர் மக்களின் கால்களில் கண்ட ஒரு நோயைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். பாதம் உருக்குலைந்து வீங்கும். பல இடங்களில் புரை விழும். புரைகளின் வழியே சீழோடு சின்னஞ்சிறு குருணைகள் வெளிவரும். 1846இல் கோல்புரூக் அதற்கு ஊர்ப்பெயரையே சூட்டினார். மதுரைக்கால் என்ற பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறியது அப்போதுதான். அந்தக் குருணைகள் பல நோயாளிகளிடம் கன்னங்கரேலென்று இருந்தன. அந்தக் கருமையை உண்டாக்கும் நொதிகள் இன்னவை என்று தெரிய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அறிவு வந்து சேர்ந்த வழியும் மருத்துவமனை வழியல்ல, நெல்வயல் வழி.

பம்பாயில் இந்நோயை ஆராய்ந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. இது பூஞ்சையால் வரும் நோய் என்று 1860இல் எழுதினார். 1874இல் தனிநூலே வெளியிட்டார். நோயை அவர் பிரித்தது குருணையின் நிறத்தை வைத்து: கறுப்பு ஒரு வகை, வெளிறிய மஞ்சள் இன்னொரு வகை. நிறத்தை நம்பியதில் ஓர் ஆபத்தும் இருந்தது. நோயுற்ற திசுவில் வளர்ந்த இளஞ்சிவப்புப் பூஞ்சை ஒன்றையே காரணி என்று கொண்டு, பூஞ்சையியலாளர் பெர்க்லி அதற்குக் கார்ட்டரின் பெயரையும் வைத்தார். வெளியிலிருந்து வந்து படிந்த பூஞ்சை அது என்பது பிறகே தெரிந்தது. 1905இல் புரும்ப்ட், கறுப்புக் குருணைப் பூஞ்சைக்கு மதுரையை நினைவூட்டும் ‘மதுரெல்லா’ என்ற பேரினத்தை அமைத்தார். 1913இல் பினுவா, பூஞ்சையால் வருவதையும் பூஞ்சைபோல் இழையிழையாக வளரும் பாக்டீரியாவால் வருவதையும் பிரித்துக் காட்டினார். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இந்தப் பிரிப்பு நோயாளிக்கு உயிரான செய்தி. ஆனால் நிறம் அப்போதும் ஓர் அடையாளச் சீட்டாகவே இருந்தது. அந்தக் கருமை பூஞ்சைக்கு எதற்கு என்று கேட்கப்படவில்லை.

அந்தக் கேள்வி எழுந்த இடம் நெற்பயிர். 1919இல் தஞ்சைக் கழிமுகத்தில், நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோயான குலை நோய் பெருங்கேடு விளைவித்தது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம், நோயைத் தாங்கும் கோ 4 ரகத்தை, நோய்க்கு எளிதில் ஆளாகும் ஆடுதுறை 10உடன் கலந்து கோ 25 போன்ற ரகங்களைத் தந்தது. ஆய்வின் வேர் அங்கே ஊன்றியது. வேதியியல் வேறிடத்தில் வளர்ந்தது. 1970களில் அமெரிக்காவில் பெல், வீலர் முதலியோர் பருத்தியின் வாடல் நோய்ப் பூஞ்சையில் நிறமற்ற திரிபுகளை ஆராய்ந்து, கருமை தரும் நிறமியான மெலனின் உருவாகும் படிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினர். சிஸ்லரும் உடனுழைத்தவர்களும், குலை நோய் மருந்தான டிரைசைக்ளசோல் அந்த வரிசையில் எங்கே கைவைக்கிறது என்பதை 1980 வாக்கில் காட்டினர்.

வழித்தடம் இதுதான். பாலிகீடைடு சிந்தேஸ் என்ற நொதி, சிறு கரிமத் துண்டுகளைக் கோத்து நான்கு ஹைட்ராக்சில் கொண்ட நாப்தலீன் மூலக்கூறை ஆக்குகிறது. ஒரு ரிடக்டேஸ் அதனைச் சைட்டலோனாக்குகிறது. சைட்டலோன் டிஹைட்ரட்டேஸ் அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறை நீக்குகிறது. மீண்டும் ஒரு ரிடக்டேஸ், மீண்டும் அதே டிஹைட்ரட்டேஸ். இறுதியில் டை-ஹைட்ராக்சி நாப்தலீன், அதாவது டிஎச்என். அதன் மூலக்கூறுகளை லாக்கேஸ் வகை நொதிகள் பிணைத்து மெலனினாக்குகின்றன. டிரைசைக்ளசோல் முடக்குவது ரிடக்டேஸை. முதல் நொதியை இழந்த குலை நோய்ப் பூஞ்சை வெளுத்துப்போகும். இரண்டாம் கட்ட நொதிகளை இழந்தவை ரோஜா நிறமும் மங்கிய பழுப்பும் கொள்ளும். சம்லியும் வேலண்டும் 1990இல் இம்மூன்று வகைத் திரிபுகளும் இலையைத் துளைக்க இயலாதவை என்று நிறுவினர்.

காரணம் அடுத்த ஆண்டு தெளிவாயிற்று. நெல்லிலையில் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சையின் குமிழுறுப்பில் 80 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது, கார் டயரில் உள்ளதைப் போல முப்பது மடங்குக்கு மேல். குமிழின் சுவரில் படிந்த மெலனின், உள்ளே சேரும் கரைபொருள் கசியாமல் காப்பதால்தான் அந்த அழுத்தம் நிற்கிறது. இலையில் ஏற்கெனவே காயமிருந்தால் வெளுத்த திரிபும் உள்ளே புகுந்து நோயுண்டாக்கும். என் பார்வையில் இந்தச் சிறு விவரமே மதுரைக்காலைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். மனிதக் காலுக்குள் பூஞ்சை நுழைவது முள் குத்திய காயத்தின் வழியே. துளைக்க அழுத்தம் தேவையில்லை. அப்படியானால் அங்கே கருமையின் வேலை வேறாகத்தான் இருக்க வேண்டும்.

திருத்தணிக்கு அருகே ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பம் போன்ற ஊர்களை நினைத்துப் பார்க்கலாம். வெறுங்காலோடு வயலில் இறங்குபவரின் பயிரில் குலை நோய் வந்தால் கடையில் கேட்டு வாங்குவது டிரைசைக்ளசோல்; அதே காலில் கருவேல முள் ஏறினால் மதுரைக்காலுக்கு வாசல் திறக்கிறது. ஒரே வேதிவழியின் இரு முகங்களும் ஒரே மனிதரிடம் வந்து நிற்கின்றன. இந்த வட்டாரத்துக்கு மேற்கே வேலூரிலிருந்துதான் தென்னிந்திய மைசிட்டோமாவின், அதாவது மதுரைக்காலின், காரணிகளை வகைப்படுத்திய குளோக்கே குழுவினரின் ஆய்வு 1968இல் வெளிவந்தது.

2004இல் சென்னையில் சூரியநாராயணன் குழுவினர், நோயின்றி இலைக்குள் வாழும் ஃபில்லோஸ்டிக்டா பூஞ்சையின் மெலனினும் டிஎச்என் வகையே என்று காட்டினர். கருமையின் வேலை என்ன என்ற கேள்வியோடு 2007இல் நெதர்லாந்தின் வான் டி சாண்டே குழுவினர் மதுரெல்லாவுக்கு வந்தனர். அதன் கருமையில் டிஎச்என் மெலனினோடு, டைரோசின் சிதைவிலிருந்து வரும் பயோமெலனினும் கலந்திருந்தது. மெலனின் உடனிருக்கும்போது கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் ஆகிய மருந்துகளைப் பூஞ்சை பன்மடங்கு தாங்கியது. இவ்விரண்டுமே மதுரைக்காலுக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டுவந்த மருந்துகள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் பலருடைய கால் அறுவைக்கோ துண்டிப்புக்கோ போவதற்கு அந்தக் கறுப்புக் கவசமும் ஒரு காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

பாலிகீடைடு சிந்தேஸ் முதல் சைட்டலோன் டிஹைட்ரட்டேஸ் வரையிலான இந்த வரிசை மனித உடலில் இல்லை. மருந்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு அரிது. ஆனால் வயலில் கிடைத்த பாடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிஹைட்ரட்டேஸை முடக்கும் கார்ப்ரோபமிடுக்கு எதிராக, ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய பூஞ்சை 2001இல் ஜப்பானிய வயல்களில் தோன்றிவிட்டது. டிரைசைக்ளசோலோ பயிருக்கானது, நோயாளிக்கு உரியதன்று. அதன் எச்சத்துக்கான வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்துள்ளது. உலகச் சுகாதார அமைப்பு மைசிட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016இல், ஜான் கில்லின் அறிக்கைக்கு 174 ஆண்டுகள் கழித்து. சூடானில் நடந்த ஃபாஸ்ராவுகோனசோல் ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. தினமும் விழுங்கும் இட்ராகோனசோலுக்கு ஈடாக, வாரம் ஒருமுறை எடுத்தால் போதுமான மருந்து அது. அதுவும் தாக்குவது பூஞ்சையின் சவ்வை. மெலனின் நொதிகளைத் தாக்கும் மருந்து ஒன்று நோயாளியின் கையை இன்னும் எட்டவில்லை.