ஒரே தலைப்பு, பல பேச்சு

வெளியூரில் தமிழ்ச் சங்கம் நடத்துகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கருத்தரங்கு என்றால் முதலில் பேச்சாளர் பட்டியல் தயாராகும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போதுதான் தலைப்பு ஞாபகம் வரும். சங்கம் என்ன, நாட்டின் பெரிய அறிவியல் கூட்டமே 60 வருடத்துக்கு மேல் பொதுத் தலைப்பு என்ற வழக்கம் இல்லாமல்தான் ஓடியது.

இந்திய அறிவியல் மாநாட்டைச் சொல்கிறேன். விதை போட்டவர்கள் இரண்டு வேதியியல் பேராசிரியர்கள். ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியின் சைமன்சன், இன்னொருவர் லக்னோ கேனிங் கல்லூரியின் மக்மஹோன். முதல் கூட்டம் 1914 ஜனவரி 15 முதல் 17 வரை, கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டியில். தலைவர் அசுதோஷ் முகர்ஜி. வந்தவர்கள் 105 பேர், கட்டுரைகள் 35, பிரிவுகள் 6. அடுத்த வருடம் கூட்டம் நம்ம சென்னையில்!

தாவரவியல்காரர் ஓர் அறையில், இயற்பியல்காரர் இன்னோர் அறையில். 35 கட்டுரைக்கு இது சரி. மாநாடு பெருகப் பெருக, பக்கத்து அறையில் என்ன பேச்சு என்றுகூடத் தெரியாமல் போய்விடும் இல்லையா?

மாற்றம் வந்தது 1976-இல். அந்த வருடத் தலைவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். வால்டேரில் நடந்த 63-ஆவது மாநாட்டுக்கு வைத்த மையக்கருத்து, 'அறிவியலும் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சியும்'. ஒவ்வொரு பிரிவும் தன் துறையில் நின்றபடியே இதை விவாதிக்க வேண்டும். மருத்துவரும் மண் ஆராய்ச்சிக்காரரும் ஒரே கிராமத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தலைப்பு என்பது வழக்கமானது.

தலைப்புதான் நல்ல விளம்பரமும் கூட. 'அறிஞர்கள் பலர் பேசுகிறார்கள்' என்றால் அறிஞரின் சொந்தக்காரர்கள் வருவார்கள். 'கிராமத்துக்கு அறிவியல் என்ன செய்யும்?' என்று கேட்டால் விவசாயி வீட்டுப் பிள்ளையும் எட்டிப் பார்ப்பான்.

ஆனால் தலைப்பு மட்டும் போதாது. 2023 ஜனவரியில் நாக்பூரில் 108-ஆவது மாநாடு நடந்தது. 2024 ஜனவரிக் கூட்டத்துக்கும் தலைப்பு தயார். ஆனால் மத்திய அரசின் அறிவியல் துறைக்கும் மாநாட்டுச் சங்கத்துக்கும் நிதி விஷயத்தில் தகராறு. இடம் தருவதாக இருந்தவர்களும் பின்வாங்க, அறிவித்த தேதியில் கூட்டம் நடக்கவில்லை.

ஆகவே, சங்கத்து நண்பர்களே, அடுத்த பொங்கல் கருத்தரங்குக்கு யாரைக் கூப்பிடலாம் என்பதற்கு முன்னால், எந்தக் கேள்வியை வைக்கலாம் என்று யோசியுங்கள். 'இந்த ஊரில் நம் பிள்ளைகள் தமிழ் படிக்க என்ன வழி?' என்று ஒரே கேள்வி போதும். வாத்தியார், டாக்டர், பாட்டி எல்லோரும் அவரவர் அனுபவத்திலிருந்து பதில் சொல்லட்டும். பிள்ளைகளையும் பேச விடுங்கள், பதில் அவர்களிடமே இருக்கலாம்.

அப்படியே மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சா என்றும் பார்த்துவிடுங்கள் :-)