மந்தும் மண்டலமும்: நீலகிரி ஊர்ப்பெயர்கள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழகத்து ஊர்ப்பெயர்களை ஆராய்வார்க்கு ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946-இல் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ இன்றும் வழிகாட்டியாக விளங்குகின்றது. சோழமண்டலத்திலோ பாண்டி நாட்டிலோ ஓர் ஊரின் பழம்பெயரை அறிய வேண்டின், கோயிற் சுவரிற் பொறித்த கல்வெட்டும் தேவாரப் பதிகமும் துணைக்கு வரும். நீலகிரிக்கு அத்துணை அரிது. அங்கே ஓர் ஊரின் பெயர் தோடர் வாயிற் பிறந்து, படகர் நாவிற் பழகி, ஆங்கிலேயர் ஏட்டில் ஏறி, இறுதியில் தமிழெழுத்தில் வந்து நிற்கும். ஆகவே, இன்று எழுதப்பெறும் வடிவத்தை அப்படியே பிரித்துப் பொருள் காண்பது பெரும்பாலும் பிழையான முடிபிற்கே இட்டுச்செல்லும். இதனை ஒரு சில பெயர்களைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நீலகிரியின் மேற்குச் சரிவில், முதுமலைக் காட்டை அடுத்துள்ளது ஸ்ரீமதுரை. அதன் அண்மையில் இருப்பது கூடலூர். தமிழ் கற்றார் இவ்விரு பெயர்களையும் ஒருங்கு கேட்டவுடன் வியப்புறுவர். மதுரைக்குக் கூடல் என்பதும் பெயரன்றோ! நான்மாடக் கூடலின் நினைவைச் சுமந்து பாண்டி நாட்டார் எவரேனும் இம்மலைக்கு வந்தனரோ என்று எண்ணத் தோன்றும். எண்ணம் இனியது, எனினும் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை.

கூடல் என்பது இரண்டு ஒன்று சேருமிடத்தைக் குறிக்கும் பொதுச்சொல். ஆறு கூடினும் கூடல். வழி கூடினும் கூடல். இன்று கடலூர் என வழங்கும் கீழைக்கடற்கரை நகரமும் முன்னர்க் கூடலூரே. நீலகிரிக் கூடலூர், உதகையிலிருந்தும் மைசூரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வரும் வழிகள் சந்திக்கும் இடம். அப்பெயருக்குப் பாண்டியர் தலைநகர் வேண்டுவதின்று. மேலும், இப்பகுதி பழைய வயநாட்டின் தென்கிழக்குக் கூறு. மலையாள மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்று 1877-இல் தான் நீலகிரியோடு இணைக்கப்பெற்றது. நெல்வயல் மிக்க இந்நாட்டில் நிலமுடையராய் விளங்கிய வயநாடன் செட்டிமார் மலையாளம் பேசுவோர். அவர்கள் தம்மைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து வேளாளர் வழியினர் எனக் கூறிக்கொள்வர் என்று பிரான்சிஸ் 1908-இல் வெளியிட்ட நீலகிரி மாவட்ட விவரநூல் குறிக்கின்றது. அவர்தம் வழக்கில் கொங்கு உண்டு. பாண்டி நாடு இல்லை. பெயர் முன் நிற்கும் ‘ஸ்ரீ’யும் நோக்கத்தக்கது. தாம் விட்டுவந்த ஊரை நினைந்து பெயரிடும் தமிழ்க் குடியினர் அதனைச் சேர்ப்பது அரிது. தெய்வத் தொடர்பு கருதிச் சிறப்பிக்குமிடத்தே அது வருதல் இயல்பு. ஆகவே ஸ்ரீமதுரையைக் குடிபெயர்ச்சிக்குச் சான்றாகக் காட்டாமல், புகழ்பெற்ற திருநகரின் பெயரை விரும்பி ஏற்ற ஊர்களுள் ஒன்றாகக் கொள்வதே பொருத்தமென்பது எம் கருத்து.

ஒலியொப்புமை எவ்வளவு தூரம் மயக்கும் என்பதற்கு அதே வட்டாரத்து ஓவேலி நல்லதொரு எடுத்துக்காட்டு. ‘வேலி’ என்னும் நிலஅளவைச் சொல்லைக் கொண்டு இதற்கு விளக்கம் கூறப் புகுவார் இனித் தோன்றினும் தோன்றுவர். உண்மை வேறு. 1847-இல் நீலகிரியை நிலஅளவை செய்த ஜேம்ஸ் ஆக்டர்லோனியின் குடும்பத்தார் காப்பித் தோட்டம் இட்ட பள்ளத்தாக்கு அது. ‘ஆக்டர்லோனி வாலி’ என்ற நெடும்பெயர் ‘ஓ வாலி’ எனச் சுருங்கிப் பின்னர் ஓவேலி ஆயிற்று. மலைப்புகைவண்டிப் பாதையில் குன்னூருக்குக் கீழே உள்ள ரன்னிமேடு இன்னும் சுவையானது. 1215-இல் இங்கிலாந்து மன்னன் ஜான் உரிமைச் சாசனத்திற்கு இசைந்த தேம்ஸ் ஆற்றங்கரைப் புல்வெளியின் பெயரே இங்குக் குடியேறியுள்ளது. அம்மொழியில் அதன் ஈற்றுச்சொல் தாழ்ந்த புல்நிலத்தைக் குறிக்கும். தமிழர் செவியிலோ அது ‘மேடு’ ஆகிவிட்டது. பள்ளம் மேடான விந்தை இது.

ஆங்கிலப் பெயர்கள் இவ்வாறு அண்மையில் ஒட்டியவை. அவற்றின் கீழே இருப்பது படகர் வழக்கு. படகர் என்பது வடக்கர் என்பதன் வேற்றுவடிவம். கன்னடத்தோடு நெருங்கிய அவர் மொழியில் சொல்முதற் பகரம் ஹகரமாகும். இவ்வொரு விதியை அறிந்தாரே மலையூர்ப் பெயர்களிற் பலவற்றை எளிதில் உணர்வர். ஹட்டி என்பது நம் பட்டியே. ஆடுமாடு அடைக்குமிடத்தையும் சிற்றூரையும் குறிக்கும் அச்சொல்லே அங்கு ஊரின் பொதுப்பெயர். கல்ஹட்டி தமிழில் கல்லட்டி ஆயிற்று. குன்னூரை நோக்கி நிற்கும் ஹுலிக்கல் துர்க்கம் ‘புலிக்கல்’ அன்றி வேறன்று. தொட்டபெட்டா ‘பெரிய மலை’. 2,637 மீட்டர் உயர்ந்த சிகரத்திற்கு அதனினும் நேரான பெயர் வேண்டுமோ? மசினகுடியின் ‘குடி’யைத் தமிழ்க் குடியெனக் கொள்ளலாகாது, கன்னடத்தில் குடி என்பது கோயில், அங்கு மசினியம்மன் கோயிலும் உண்டு. குன்னூரைக் ‘குன்றூர்’ என விளக்குவாருளர். குன்று குன்னு ஆவது மலையாளத்தார் இயல்பு. படகர் மொழியிலோ ‘குன்ன’ என்பது சிறியது என்னும் பொருளது. ஊர் படகர் நாட்டின் நடுவே இருத்தலின், சிற்றூர் என்று கொள்வதையே யாம் ஏற்கின்றோம்.

இனி, இவ்வாய்வின் தலையாய பெயருக்கு வருவோம். உதகமண்டலம் என்று இன்று எழுதுகின்றோம். உதகம் நீர், மண்டலம் நாடு, ஆகவே நீர்நாடு என்று பொருளும் கூறுகின்றோம். ஆனால் 1821 மார்ச்சில் சென்னைச் செய்தித்தாளொன்றில் முதன்முதலாக இவ்வூர் குறிக்கப்பெற்றபோது அதன் வடிவம் ‘வோட்டோக்கிமண்ட்’ என்பது. ஜான் சல்லிவன் அங்குக் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியதற்கு முந்தைய ஆண்டு அது. பின்னர் வந்த ஆங்கில வடிவங்களின் ஈற்றிலும் ‘மண்ட்’ நின்றதேயன்றி மண்டலம் இல்லை. ‘மண்ட்’ என்பது மந்து. தோடர் தம் குடியிருப்பு. முத்தநாடு மந்து, மார்லி மந்து என்னும் பெயர்களில் இன்றும் அது வாழ்கின்றது.

இம்மந்து யாது? தோடர் தாமே அதனை ‘மொட்’ என ஒலிப்பர்; 1906-இல் தோடரைப்பற்றிப் பெருநூல் எழுதிய ரிவர்சு அதனை ‘மட்’ என எழுதினார். கோத்தர் வாயில் அது ‘மண்ட்’. கன்னடத்தில் மந்து. இவற்றை வரிசையாக வைத்து, அருகில் எண்ணுப்பெயரொன்றையும் வைத்து நோக்குக. தமிழில் மூன்று, கோத்தர் மொழியில் ‘மூண்ட்’, தோடர் மொழியில் ‘மூட்’. தமிழின் ‘ன்ற்’ அங்கெல்லாம் முறையே ‘ண்ட்’ என்றும் ‘ட்’ என்றும் நிற்கின்றது. அம்முறையே சென்றால் ‘மண்ட்’, ‘மொட்’ என்பவற்றிற்கு இணையான தமிழ்ச்சொல் மன்று என்பது போதரும். 1935 முதல் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோ அவர்களும் பர்ரோ அவர்களும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி இச்சொற்களை மன்று, மன்றம் என்பவற்றோடு ஒரே பதிவில் வைத்துள்ளது. மந்தை என்னும் சொல்லையும் இங்குச் சேர்க்கத் தோன்றும்; ‘ந்த்’ வேறு, ‘ன்ற்’ வேறாதலின் அதனைத் தனியே வைத்தல் நன்று.

மன்றம் என்றவுடன் நமக்கு அவையும் அறங்கூறுமிடமும் நினைவிற்கு வரும். பழந்தமிழில் அது மாடு நிற்குமிடமும் ஆகும். குறிஞ்சிப்பாட்டின் மாலைக்காட்சியில் ஆனிரை வந்து புகுவது மன்றிலேதான். சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்கிற்கு நெய்யளக்க ஆடு பெற்ற இடையர் மன்றாடி எனப்பெறுவதும் இப்பொருள் பற்றியே. சமவெளியில் இப்பொருள் தேய்ந்துவிட்டது. எருமை நிரையையும் அதன் பாற்கோயிலையும் நடுவாக வைத்து வாழும் தோடரிடத்தே அது தேயாது நின்றது. மலையின்மீது இருந்தது நம் பழஞ்சொல்லே.

அதனைத்தான் மண்டலமாக்கினோம். அயலார் சிதைத்த பெயரைத் திருத்துகின்றோம் என்ற நல்லெண்ணத்தால் தமிழ்ச்சொல்லொன்றை அகற்றி வடசொல்லொன்றை வைத்தோம். அதனோடு, அவ்விடத்தில் முதற்கண் வாழ்ந்தோர் யாரெனக் காட்டிய ஒரே அடையாளமும் பெயரினின்று நீங்கிற்று. மைசூர்ப் பகுதியில் சாமராசநகரத்துக் கல்வெட்டு 1117-ஆம் ஆண்டிலேயே போசளர் படைத்தலைவன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்ட செய்தியைக் கூறுகின்றது. அத்துணைப் பழமையுடைய குடியின் சொல்லை நீக்க நமக்கு ஒரு நூற்றாண்டும் தேவைப்படவில்லை. உதகமண்டலத்தைச் சுருக்கி உதகை என்று வழங்கத் தொடங்கியபின், முதலாம் இராசராசன் வென்றதாகப் பரணியும் உலாவும் கூறும் சேரநாட்டு உதகை இதுவே என்று கூறுவாரும் எழுந்தனர். சுருக்கம் அண்மைக்காலத்தது, அப்போரோ ஆயிரம் ஆண்டிற்கு முந்தையது. இரண்டையும் இணைக்க வழியில்லை.

பிற நாடுகளில் இச்சிக்கலை எங்ஙனம் தீர்க்க முயன்றனர் என்பதும் அறியத்தக்கது. ஆத்திரேலியாவின் நடுப்பாலையில் நிற்கும் பெரும்பாறைக்கு 1873-இல் கோசு என்னும் நிலஅளவையாளர், தென்னாத்திரேலியத் தலைமைச் செயலர் ஏயர்சு பெயரைச் சூட்டினார். அங்கு வாழும் அனங்கு மக்களுக்கு அது என்றும் ஊலுரு. 1993-இல் ஏயர்சு பாறை / ஊலுரு என இரட்டைப்பெயர் அரசு ஏட்டில் ஏறிற்று; 2002-இல் வரிசை மாற்றப்பெற்று ஊலுரு முன்னின்றது. அவர்கள் பழம்பெயரை மொழிபெயர்க்கவில்லை, தம் மொழிக்கேற்பச் செப்பம் செய்யவுமில்லை. உரியவர் சொல்லும் வடிவத்தையே எழுதினர். அந்நெறி இங்கும் வேண்டும்.

தோடர் பெயர் ஒன்றற்கு மட்டுமன்று இவ்வின்னல். கோத்தர்க்கு நீலகிரியில் ஏழு ஊர்கள். அவற்றுள் ‘கொல்மேல்’ என அவர் வழங்குவது நம் ஏடுகளில் கொல்லிமலை. ஓரியின் கொல்லிமலையை அறிந்த மாணவர் ஒருவர் இதனைக் காண்பாராயின் என்ன முடிபிற்கு வருவாரென்பதை யாம் கூற வேண்டுவதில்லை. ஆறு ஊர்கள் மேல்மலையில் இருக்க, ஏழாவது ஒன்றே பழைய வயநாட்டுப் பகுதியில், ஸ்ரீமதுரைக்கு அணித்தே உள்ளது. அதனை அயலார் கூடலூர்க் கோக்கால் என்பர். அவ்வூரார் தம் மொழியில் அதனைக் ‘கலாச்’ என்று வழங்குகின்றனர்.