மூச்சுக்குழல் மறுவடிவாக்கம்: ஆஸ்துமா விலங்கு மாதிரிகளில் அளவிடல்

ஈளை, இரைப்பு, இழுப்பு என்று பலவாறாக வழங்கும் ஒவ்வாமை ஆஸ்துமா நாள்பட்டுப்போனால் மூச்சுக்குழலின் சுவரே மாறிவிடுகிறது. சளி சுரக்கும் கோப்பைச் செல்கள் பெருகுகின்றன. அடித்தளச் சவ்வுக்குக் கீழே கொலாஜன் படிகிறது. குழலைச் சுற்றியுள்ள மென்தசை தடிக்கிறது. இவற்றைச் சேர்த்து மறுவடிவாக்கம் என்பர். உயிரோடிருக்கும் நோயாளியின் நுரையீரலை முழுதாக அரிந்து பார்க்க வழியில்லை. ஆகவே விலங்குகளில் ஒவ்வாமையை உண்டாக்கி, அவற்றின் நுரையீரலை அளக்கும் முறை வளர்ந்தது. அளப்பதை விட, அளந்ததை எதனால் வகுப்பது என்பதே இத்துறையின் நெடுநாள் சிக்கல்.

1902-இல் போர்ட்டியேயும் ரிஷேயும் நாய்களில் கண்டறிந்த ‘அனாபிலாக்சிஸ்’ இதற்கு வாசல் திறந்தது. ஒவ்வாப் பொருள் ஏற்றப்பட்ட கினிப்பன்றிகள் மூச்சுக்குழல் தசை இறுகி, காற்று வெளியேற முடியாமல் இறப்பதை ஆவரும் லூயிஸும் 1910-இல் விவரித்தனர். மனித ஆஸ்துமாவும் இதைப் போன்றதே என்ற கருத்தை அதே ஆண்டில் மெல்ட்சர் முன்வைத்தார். 1922-இல் ஹூபரும் கெஸ்லரும் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் குழற்சுவரை அளந்து, தசையும் அடித்தளச் சவ்வும் தடித்திருப்பதைக் காட்டினர். விலங்கு ஆய்வோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1940-இன் கொன்செட்–ரோஸ்லர் கருவி உட்பட, பல பத்தாண்டுகள் அளக்கப்பட்டது குழலின் இறுக்கம் மட்டுமே. கட்டமைப்பை எண்ணால் பேசும் பழக்கத்தை 1960-களில் டன்னிலும் வைபலும் உறுதிப்படுத்தினர். வைபலின் ‘மனித நுரையீரலின் உருவளவியல்’ நூல் 1963-இல் வந்தது.

நுண்ணோக்கியில் தெரிவது மெல்லிய சீவல். வெண்டைக்காயைச் சாய்த்து அரிந்தால் வளையம் நீள்வட்டமாகி, தோல் தடித்ததுபோல் தெரியும். மூச்சுக்குழலுக்கும் அதே கதி. போதாததற்கு, இறக்கும் நேரத்தில் தசை இறுகியிருந்தால் குழலின் வாய் சிறுத்து, சுவர் தடித்ததுபோல் காட்டும். குழலின் விட்டத்தால் வகுத்தவர்கள் எல்லாரும் இந்தக் குழியில் விழுந்தனர்.

1988-இல் வான்கூவரில் ஜேம்ஸ், ஹாக், டன், பாரே ஆகியோர் வெளியிட்ட கட்டுரை வழிகாட்டியது. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் குறுகும், ஆனால் வாயோரத் துணியின் நீளம் மாறாது. அதுபோலத் தசை எவ்வளவு இறுகினாலும் குழலின் உட்சுற்றளவு, மடிப்புகளோடு சேர்த்து அளந்தால், ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. ஆகவே குழலின் உண்மையான அளவை அது சொல்லும். இன்று விலங்கு ஆய்வுகளில் தசைப் பரப்பை அடித்தளச் சவ்வின் சுற்றளவாலோ அதன் இருமடியாலோ வகுப்பது இந்தக் கருத்தின் நீட்சியே. என் கணிப்பில், இத்துறையில் எந்தக் கருவியை விடவும் பெரிய முன்னேற்றம் இதுதான்.

1991-இல் மாண்ட்ரியலில், முட்டை வெள்ளைக்கருப் புரதமான ஓவால்புமினைத் திரும்பத் திரும்ப நுகரச்செய்த பிரவுன் நார்வே எலிகளில் மென்தசை பெருகியது பதிவானது. அந்தப் பத்தாண்டில் சுண்டெலி மற்ற விலங்குகளை ஓரங்கட்டியது. அலுமினிய உப்போடு ஓவால்புமினை வயிற்றறையில் ஊசிபோட்டு, பின்பு அதையே நுண்துளிகளாக நுகரச்செய்வது வழக்கமான முறை. சில நாள் நுகர்ச்சியில் அழற்சி வரும், மறுவடிவாக்கம் சரியாக வராது. நீண்டநாள் கொடுத்தால் உடல் பழகிவிடுவதும் உண்டு. 1998-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று குறைந்த செறிவில் பல வாரங்கள் நுகரச்செய்தும், 2004-இல் கனடாவின் மெக்மாஸ்டர் குழு வீட்டுத் தூசுப் பூச்சியின் சாற்றை மூக்கில் விட்டும் இதைத் தாண்டினர். ஒன்றை மறக்கக் கூடாது: சுண்டெலிக்கு ஆஸ்துமா தானாக வருவதில்லை. அதன் நுரையீரலுக்குள் கிளைக்கும் குழல்களில் சளிச்சுரப்பிகளும் இல்லை.

நுரையீரலை ஏறத்தாழ 25 செ.மீ. நீரழுத்தத்தில் ஃபார்மலினால் நிரப்பிப் பதப்படுத்துவர். கோப்பைச் செல்லுக்குப் பி.ஏ.எஸ். சாயம், கொலாஜனுக்கு மேசன் டிரைக்ரோம் அல்லது பிக்ரோசிரியஸ் சிவப்பு, தசைக்கு ஆல்ஃபா-ஆக்டின் எதிர்ப்பான். 2010-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூச்சியல் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, கண்ணுக்குப் பிடித்த வளையத்தைப் பொறுக்காமல் நுரையீரல் முழுவதிலிருந்தும் சீராகவும் தற்செயலாகவும் மாதிரி எடுக்கச் சொன்னது.

இந்தியாவில் டெல்லியின் மரபணுத்தொகுதி மற்றும் ஒருங்கிணை உயிரியல் நிறுவனம் இதில் முன்னணியில் நின்றது. அங்கு மாபலிராஜன், பலராம் கோஷ் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு வளையத்தோடு நிற்கவில்லை. ஒவ்வாமை ஏற்றிய சுண்டெலிகளின் குழல் உட்தோல் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவே சிதைந்திருந்ததை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. இன்டர்லூக்கின்-4 எதிர்ப்பான் கொடுத்தபோது அச்சிதைவு குறைந்தது. அதே நிறுவனத்தார் 2021-இல் ஆடாதோடைச் சாற்றை ஆஸ்துமா சுண்டெலிகளில் சோதித்து, அழற்சியும் குழலின் மிகையுணர்வும் குறைவதைப் பதிவுசெய்தனர். மருந்துக்கடையில் கிடைக்கும் புரோம்ஹெக்சினும் ஆடாதோடையின் வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு உருவானதே.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி போகும் சாலையிலுள்ள கல்லாறு முதலான மலையடிவார ஊர்களில் ஆடாதோடையை அதன் மலையாளப் பெயரில் ஆடலோடகம் என்று கேட்டால், ‘வலியதா (பெரியதா), சிறியதா’ என்ற கேள்வி வரலாம். கேரள வைத்தியத்தில் மதிப்பு மிகுந்த சிற்றாடலோடகம், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக்கே உரிய செடி. டெல்லிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தது வலியது. இரண்டும் வேறு வேறு இனங்கள். ஒன்றில் அளந்த எண் மற்றதற்குச் செல்லாது.