வேளாண்மைக்கு முந்தைய ஊர்: ஜப்பானின் தொகாரியிஷி

மாந்தர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதற்கு வேளாண்மையே அடிப்படை என்பது வரலாற்று நூல்களில் பெரிதும் வழங்கிவரும் கருத்தாகும். இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டும் தொல்லியல் களங்களுள் ஒன்று தொகாரியிஷி. ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் யாட்சுகடாகே மலைத்தொடரின் மேற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இக்களம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடை ஜோமோன் காலத்தைச் சார்ந்தது. 'ஜோமோன்' என்பது கயிற்றுத்தடம் எனப் பொருள்படும். ஈரக் களிமண்மீது கயிற்றை அழுத்தி அணிசெய்த மட்கலங்களால் அக்காலம் இப்பெயர் பெற்றது. 'தொகாரியிஷி' என்பது அங்குள்ள கூரிய கல்லால் அமைந்த பெயராகும்.

அகழாய்வு

இக்களத்தைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் மியாசாகா ஃபுசகாஸு 1930ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தார். அக்கால ஆய்வாளர் பலரும் மட்கலங்களை வகைப்படுத்துவதிலேயே கருத்தூன்றினர். மியாசாகாவோ அடுப்புகளையும் குழிவீடுகளின் தளங்களையும் தொடர்ந்து வெளிப்படுத்தி, அவற்றை ஓர் ஊராக நோக்கினார். கலத்தின் வரலாறு இவ்வாறு குடியின் வரலாறாக விரிந்தது. 1952இல் தொகாரியிஷி சிறப்பு வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

உணவும் வாழ்வும்

இம்மலைவாழ் மக்கள் செஸ்ட்நட், அக்ரூட் போன்ற கொட்டைகளைத் திரட்டியும் வேட்டையாடியும் வாழ்ந்தனர். அருகிலுள்ள கிரிகாமினே, வாடா கணவாய்ப் பகுதிகளில் கிடைத்த எரிமலைக் கண்ணாடிக்கல் அம்புமுனைகளுக்கு உதவியதோடு தொலைவிடங்களுக்கும் சென்றது. 1986இல் இதே சினோ நகரின் தனபதாகே களத்தில், ஊர் நடுவிலிருந்த குழியொன்றில் 27 செ.மீ. உயரமுள்ள சுடுமண் பெண்ணுருவம் முழுமையாகக் கிடைத்தது. 1995இல் அது தேசியக் கருவூலமாக ஏற்கப்பட்டது.

மண்ணை அகழப் பயன்பட்ட கற்கோடரிகளும் அரைகற்களும் மிகுதியாகக் கிடைத்தமையால், இப்பகுதியில் இடை ஜோமோன் காலத்திலேயே வேளாண்மை நிகழ்ந்தது என ஃபுஜிமோரி எய்இச்சி வாதிட்டார். பயிர் எச்சங்கள் போதிய அளவில் இல்லாமையால் அக்கருத்து நெடுங்காலம் ஐயத்திற்குரியதாகவே இருந்தது. இந்நூற்றாண்டில், நடு ஜப்பானின் ஜோமோன் மட்கலங்களில் பதிந்த சோயா அவரை விதைத்தடங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் சில காட்டுவகை விதைகளினும் பெரியன. பயிர் வளர்ப்பு நிகழ்ந்தது என்பதற்கு இவை வலுச்சேர்க்கின்றன.

முடிவு

எனினும் இச்சான்றுகள் ஜோமோன் மக்களை வேளாண் சமூகத்தினராக ஆக்கிவிடவில்லை. நன்செய் நெல் வேளாண்மை ஜப்பானில் பரவியது இதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்ட காலத்திலாகும். பயிரை அறிந்தும் காட்டையே பெரிதும் சார்ந்து, ஊராக நிலைத்து வாழ்ந்த ஒரு வாழ்முறையைத் தொகாரியிஷி காட்டுகிறது. 'உணவு திரட்டுவோர்', 'உழவர்' என்னும் இருமைப் பகுப்பு அவ்வாழ்முறையை முழுமையாக விளக்கப் போதாது என்பது இதனால் பெறப்படும்.