செயற்கை இழைத் துணிகளில் பிளாஸ்மா பதப்படுத்தல்

பிளாஸ்மா பதப்படுத்தல் என்பது மின்னூட்டம் பெற்ற வாயுவால் துணியின் மேற்பரப்பை மட்டும் மாற்றி, அது நீரை ஏற்கவோ விலக்கவோ செய்யும் முறை. இதில் துணி நீரில் நனைவதில்லை.

பின்னணி

பாலியஸ்டர் இழையை 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கினர். கசங்காமையும் விரைவில் உலர்வதும் அதன் சிறப்புகள். வியர்வையை உறிஞ்சாதது அதன் குறை. இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் ஏற்பது சுமார் 0.4 சதவீதமே. சூடான காஸ்டிக் சோடா கரைசலில் துணியின் மேற்புறத்தை அரிப்பது இதற்கான வழக்கமான தீர்வுகளில் ஒன்று. அதற்கு நிறைய நீர் தேவை; கழிவுநீரும் மிஞ்சும்.

செயல்முறை

1928-ல் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் மின்னூட்ட வாயுவுக்கு 'பிளாஸ்மா' என்று பெயரிட்டார். ஆக்சிஜன் அல்லது காற்றுப் பிளாஸ்மா இழையில் படும்போது அதன் மேற்பரப்பில் ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் உருவாகின்றன. முத்தாக நின்ற நீர்த்துளி அதன்பின் துணியில் பரவுகிறது. ஃபுளோரின் சேர்மங்களைப் பயன்படுத்தினால் துணி நீரை விலக்கும். மாற்றம் சில நானோமீட்டர் ஆழம் வரையே நிகழ்வதால் இழையின் வலிமை பெரிதும் குறைவதில்லை.

தொடக்கத்தில் வெற்றிட அறைக்குள் துணியைத் தொகுதி தொகுதியாக வைத்துப் பதப்படுத்தினர். சாதாரண காற்றழுத்தத்தில் இயங்கும் கருவிகள் வந்தபின் ஓடும் துணியை இடைவிடாமல் பதப்படுத்த முடிந்தது.

இந்தியாவில்

காந்திநகரில் 1986-ல் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. அதன் தொழில்துறைப் பயன்பாட்டு மையம் 1997-ல் தொடங்கியது. வழுக்கும் அங்கோரா முயல் உரோமத்தை நூற்பதற்கு ஏற்றதாக்கும் பிளாஸ்மா கருவி அங்கு உருவாக்கப்பட்டது.

தமிழகச் சூழல்

சாயக்கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அக்கழிவின் உப்பு பெரிதும் பருத்திக்குச் சாயமேற்றுவதால் வந்தது. பிளாஸ்மா அதற்கு நேரடித் தீர்வன்று. எனினும் விளையாட்டு உடைகளுக்காகப் பாலியஸ்டர் பின்னலாடை பெருகும் திருப்பூரில், பதப்படுத்தும் நீரைக் குறைக்க இம்முறை உதவக்கூடும்.

வரம்புகள்

பிளாஸ்மா தந்த நீரேற்புத்தன்மை நிலையானதன்று. மேற்பரப்பின் மூலக்கூறுகள் மெல்லத் திரும்பிக்கொள்வதால் நாட்கள் செல்லச்செல்ல அது குறைகிறது. சலவையும் அதைக் குறைக்கும். எனவே பதப்படுத்திய உடனே சாயமோ பூச்சோ ஏற்றப்படுகிறது. கருவியின் விலை சிறிய பட்டறைகளுக்குப் பெருந்தடை.