மேசையை விட்டுப் பிரிந்த ஆட்டம்: ஃபலக்நுமாவிலிருந்து ‘லூனார் பால்’ வரை

பில்லியர்ட்ஸின் இந்திய வரலாறு பெரும்பாலும் வெற்றியாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1958இல் கல்கத்தாவில் உலகப் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸில் தொடங்கி, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று அவ்வரிசை நீளும். மேசை யாரிடம் இருந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது.

ஹைதராபாத்தின் ஃபலக்நுமா அரண்மனை, 1884இல் விகார் உல் உம்ராவால் கட்டத் தொடங்கப்பட்டு, பின்னர் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் உடைமையாயிற்று. அதன் பில்லியர்ட்ஸ் அறையில் இருப்பது லண்டனின் பர்ரோஸ் அண்ட் வாட்ஸ் நிறுவனம் செய்த மேசை. முழு அளவு மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது, அடித்தளம் கற்பலகை, எடை ஒரு டன்னுக்கும் மேல். அக்காலப் பந்துகளோ யானைத் தந்தத்தால் ஆனவை. இவற்றைக் கப்பலேற்றிக் கொணர்ந்து பேணுவது அரண்மனைக்கும் படைப்பிரிவுக்கும் ஐரோப்பியர் மன்றத்துக்குமே இயன்றது.

அத்தகைய மன்றங்களுள் ஒன்று, 1841இல் நிறுவப்பட்ட உதகமண்டலம் மன்றம். அதன் கட்டடத்தை 1830களின் தொடக்கத்தில் விடுதியாக எழுப்பிய சர் வில்லியம் ரம்போல்ட், நிஜாம் அரசுக்குப் பெருங்கடன் கொடுத்துச் சர்ச்சைக்குள்ளான ஹைதராபாத் பாமர் கம்பெனியின் பங்குதாரர். பிற்காலத்தில் அக்கட்டடத்தில்தான், 1882 அளவில், ஸ்னூக்கர் விதிகள் வரையறுக்கப்பட்டு பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன. வரையறுத்தவர் நெவில் சேம்பர்லின் என்னும் படை அதிகாரி. அதே பெயருடைய பிரிட்டிஷ் பிரதமர் அல்லர். 1875இல் ஜபல்பூரில் ‘பிளாக் பூல்’ ஆட்டத்தில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதைத் தொடங்கியவரும் அவரே. ‘ஸ்னூக்கர்’ என்பது படைப் பயிற்சிக் கழகத்தின் முதலாண்டு மாணவரைக் குறித்த கொச்சைச் சொல். குறி தவறிய சக வீரரைச் சீண்டச் சொன்னது, ஆட்டத்தின் பெயராக நிலைத்தது.

இவ்வரலாற்றின் முதன்மைச் சான்று சமகால ஆவணம் அன்று. ஆட்டம் இங்கிலாந்தின் வூல்விச்சில் தோன்றியது என்ற மாற்றுக்கருத்து எழுந்தபோது, 1938இல், 82 வயதில், ‘தி ஃபீல்ட்’ இதழுக்குச் சேம்பர்லின் எழுதிய கடிதமே அது. நிகழ்வுக்கும் சாட்சியத்துக்கும் இடையே 63 ஆண்டுகள். அவர் எழுதியிராவிட்டால் ஜபல்பூரும் உதகையும் இவ்வரலாற்றில் இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே.

உதகைச் சுவரில் ஒட்டப்பட்ட தாள் ஓர் உண்மையைக் காட்டுகிறது: ஆட்டம் என்பது மேசை அன்று, விதிகளின் தொகுதி. விதிகள் எழுதப்பட்டுவிட்டால் மேசையைத் துறக்கவும் முடியும். 1954இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிட்சாக் கணினியில் பூல் ஆட்டம் திரையேறியது. 1982இல் இமாஜிக் நிறுவனம் அட்டாரி 2600க்கு ‘டிரிக் ஷாட்’டை வெளியிட்டது. 1985இல் ஜப்பானின் கம்பைல் நிறுவனம் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக ‘லூனார் பால்’ ஆட்டத்தை உருவாக்கியது. அதில் வெவ்வேறு வடிவங்களில் 60 மேசைகள் உண்டு. பந்து எவ்வளவு தூரம் உருள வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் உராய்வையும் ஆடுபவரே கூட்டிக் குறைக்கலாம். கல்லும் கம்பளித் துணியும் விதித்த இயற்பியல், இங்கு ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது.

1990களில் ஃபாமிகாமின் மலிவான நகல் கருவிகள் இந்திய நடுத்தர வர்க்க வீடுகளை அடைந்தன. பல ஆட்டங்களை ஒன்றாக அடக்கிய, உரிமம் பெறாத ‘கேசட்டு’கள் பலவற்றில் ‘லூனார் பால்’ இருந்தது. மன்றத்தின் வாயிலையே காணாத சிறுவர்கள், பந்து விளிம்பில் பட்டுத் திரும்பும் கோணத்தைத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கற்றனர்.

ஃபலக்நுமாவின் மேசை பேணப்படுகிறது. அரண்மனை 2010 முதல் தாஜ் குழுமத்தின் விடுதியாக இயங்குகிறது. கேசட்டுகளோ பழைய பொருள்களோடு எடைக்குப் போய்விட்டன. உரிமம் பெறாத வணிகம் முறையான பதிவேடுகளை விட்டுச் செல்வதும் அரிது. ஆகவே அந்த ஆட்டம் எவ்வீடுகளுக்குச் சென்றது, யார் ஆடினர், யாருக்கு முறை கிடைக்கவில்லை என்பவற்றுக்கு ஆடியவர்களின் நினைவே சான்று. அவர்களுள் பலர் இன்னும் நடுத்தர வயதினர். வாய்மொழி வரலாற்றாய்வு இப்போதே தொடங்கினால், இன்னொரு முறை 63 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.